வெள்ளிக்கிழமை இரண்டரை மணிப் பாடு

பசியாவரம்,
புதன்கிழமை, பிற்பகல்.

அன்பும் பொறுமையும் உள்ள மச்சான் தமிழ்வாணனுக்கு (பொறுமை இந்தக் கடிதத்துக்கு நிறையவே தேவைப்படும்), உன் அக்காள் புருஷன் கங்காதரன் எழுதுவது.

எல்லாரும் சுகம் என்று தொடங்குவதுதான் முறை. உன் அக்காள் லோகநாயகி சுகம். எங்கள் மகள் நந்தினி சுகம். ஏரி சுகம், இறால் சுமார். நான் மட்டும் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை பேசினால் உன் அக்காள் பக்கத்தில் நின்றுகொண்டு மூன்று இடத்தில் திருத்துகிறாள். காகிதத்தில் அவளால் குறுக்கே பேச முடியாது, அந்த ஒரு நிம்மதிக்காகவே நோட்டில் நடுப்பக்கம் கிழித்து உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ ஆபீசில் வேலை பார்க்கிற அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன்னில் ஓர் இடம் காலியாக இருக்கிறது, வருகிற திங்கட்கிழமை வரைக்கும் சொல்லி வைக்கலாம் என்றாயே, அதை நந்தினிக்குச் சொல்லி வை. வெள்ளிக்கிழமை நானே பழவேற்காட்டுக்குப் போய் டி.சி. கேட்கப் போகிறேன். டி.சி. கைக்கு வந்ததும் மீன் வண்டி ஓட்டுகிற மாரியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புவேன். ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு வந்து இறங்குவோம். தாய்க்கும் மகளுக்கும் இன்னும் தெரியாது. தெரிந்த பிறகு வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் தெரியாது.

ஏன் இந்த முடிவு என்று நீ கேட்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்கிறேன். நந்தினி படிக்கிற இடத்தைப் பள்ளிக்கூடம் என்று நான் சொல்வது மரியாதைக்காக. பழவேற்காட்டில் அப்துல் ஹை பாய் கொடுத்த பழைய மாடி வீடு, பிளஸ் ஒன்னில் பதினாறு பிள்ளைகள், பிளஸ் டூவில் பதினைந்து, நாலு டீச்சர். வாசலில் 'கல்லூரிக்கு ஆயத்தம் செய்யும் பள்ளி' என்று பலகை. ஆயத்தம் எப்படிச் செய்கிறார்கள் என்று கேள். காலையில் மணி அடித்ததும் முதல் நாற்பது நிமிஷம் பாடமே கிடையாது. பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் படிக்கிறார்கள். டீச்சர்களும் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரு நாள் நான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு யாரோ தவறிப்போய்விட்டார்களோ என்று பயந்துவிட்டேன். பெரிய டீச்சர் ஃபர்ஹத் அம்மாவிடம் போய்க் கேட்டேன். "ஆரம்பாக்கம் பஸ் என்னைக்குங்க நேரத்துக்கு வந்திருக்கு? உங்க ஊர்ப் பிள்ளைங்க காத்தப் பாத்துப் படகுல வருது. மொதல் பாடத்த யாரும் இழக்கக் கூடாதுன்னுதான் அந்த நேரத்துல பாடமே வைக்கல" என்கிறார். பஸ் லேட்டாக வந்தால் பஸ்ஸைத் திட்ட வேண்டும், டைம்டேபிளையா மாற்றுவார்கள்? அதைத்தான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை.

நாற்பது நிமிஷம் போனதும் பாடம் தொடங்குகிறது. ஒரு பாடம் ஒன்றரை மணி நேரம். ஆக ஒரு நாளைக்கு மூன்றே பாடம். நான் படித்த காலத்தில் ஒரு நாளைக்கு எட்டுப் பாடம் நடந்தது மச்சான். ஒன்றும் புரியவில்லை, ஆனால் எட்டு நடந்தது. இங்கே ஒரே கணக்கைப் போர்டில் எழுதி வைத்துக்கொண்டு, இதை எத்தனை வழியில் போடலாம் என்று ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்களாம். ஒரு வழி தெரிந்தால் போதாதா? பரீட்சையில் இரண்டு வழி எழுதினால் இரட்டை மார்க்கா போடப் போகிறான்? இதற்கு மேல் ராங்க் என்பதே கிடையாது. ஜூலைக் கடைசியில் ஒரு தாள் கொடுத்தார்கள். அதில் நம்பரைத் தேடித் தேடிப் பார்த்தேன், தேதியைத் தவிர நம்பரே இல்லை. 'நந்தினி விடையை மனசுக்குள் யூகித்த பிறகுதான் கேள்வி கேட்கிறாள். தெரியாது என்று நேராகக் கேட்கும் தைரியம் வர வேண்டும்' என்று நாலு வரி. படகடியில் நிற்கும்போது ஒருவன், "உன் பொண்ணு எத்தினியாவது ராங்க்கு?" என்றால் இந்த நாலு வரியையா நான் படித்துக் காட்டுவது? சரி, அந்தத் தாளை டீச்சராவது விளக்குவார் என்று பார்த்தால், தன் படிப்பு எப்படிப் போகிறது என்று பெற்றவர்களுக்குப் பிள்ளைதான் விளக்க வேண்டுமாம். என் மகள் எனக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, எனக்கு இது வருது, இது வரல, இதுல நான் சோம்பேறி என்று சொன்னாள். நான் தலையை ஆட்டினேன். எனக்குத்தான் யாரோ பரீட்சை வைத்த மாதிரி வியர்த்தது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் வருஷம் முழுக்கத் தனக்கென்று ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு விடை தேட வேண்டும், வருஷக் கடைசியில் ஊர் கூட்டிச் சொல்ல வேண்டும். நுஃமான் பாய் மகள் ரிஃபா, தங்கள் தெருக் கிணறு எந்த மாசம் உப்பாகிறது என்று தினமும் ருசி பார்த்து எழுதுகிறாள். அது பரவாயில்லை. என் மகள் என்ன செய்தாள் தெரியுமா? நம்ம ஊர்ப் பெரியவர் வேதாசலம் வீட்டுக்குப் போய், ஏரியில் யார் எங்கே வலை கட்டுவது என்று குலுக்கி எடுக்கிற பாடு நோட்டையெல்லாம் கொடுங்கள், பார்த்து எழுதிக்கொண்டு தருகிறேன் என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் அவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "இன்னாப்பா கங்காதரா, நோட்டுல எதுனா தில்லுமுல்லு கீதுன்னு சந்தேகமா? எதுக்குப் பொண்ண அனுப்பிச்ச?" என்றார். நான் அனுப்பவில்லை, பள்ளிக்கூடம் அனுப்பியது என்றேன். "பள்ளிக்கூடத்துக்கு நம்ம பாடு நோட்டுல இன்னா வேல?" என்றார். நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் கேட்கிறேன். கடைசியில் நோட்டைக் கொடுத்தார், பத்து நாள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது ஒன்றுதான், அது நானே செய்தது.

நீ சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது, பாடு என்றால் என்ன என்பதே மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். ஏரியில் எங்கள் பக்கம் வலை கட்டப் பன்னிரண்டு இடம், வலையும் பன்னிரண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற மூன்று இடத்தில் இறால் நன்றாக விழும். கடைசி இடத்தில் பாசி நன்றாக விழும். அடித்துக்கொள்ளாமல் இருப்பதற்காக வருஷத்துக்கு ஒரு தடவை கோவில் முன்னால் குலுக்கிப் போட்டு எடுக்கிறோம். எந்த இடம் விழுகிறதோ அந்த வருஷத்துக்கு அதுதான் அவன் பாடு, அப்புறம் முணுமுணுக்கக் கூடாது. எங்கள் வலைக்குப் பத்தொன்பது வருஷமாக நான்தான் கையை விட்டு எடுக்கிறேன். என் கை ராசி ஊருக்கே தெரியும். போன வருஷமும் கடைசி இடம், இந்த வருஷமும் கடைசி இடம். ஏரிக்கு என்மேல் என்ன கோபமோ, காலமெல்லாம் எனக்கு விழுந்தது பாசிதான்.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பிற்பகலில் அங்கே 'தனி நேரம்' என்று ஒன்று உண்டு. புரியாததை எடுத்துக்கொண்டு ஒரு பிள்ளை டீச்சர் எதிரே அரை மணி நேரம் உட்காரலாம். எங்கள் பள்ளிக்கு உயிரே அதுதான் என்பார் ஃபர்ஹத் அம்மா. கணக்குக்கு வேணு சார். பொன்னேரியிலிருந்து பஸ்ஸில் வருகிற மனிதர், நல்ல மனிதர். அவரால் வாரத்துக்கு எட்டு அரை மணிதான் கொடுக்க முடியும், பிள்ளைகளோ பதினாறு. யார் முந்திப் போய்க் கேட்கிறார்களோ அவர்களுக்கு என்று விட்டிருந்தார்கள். டவுன் பிள்ளைகள் முந்திக்கொண்டன, படகுக்கும் பஸ்ஸுக்கும் ஓடுகிற பிள்ளைகளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. ஜூலை முதல் சனிக்கிழமை பெற்றோர் கூட்டத்தில் இதை வைத்துப் பெரிய சண்டை. சுண்ணாம்புக்குளத்துக்காரர் ஒருவர் மேசையைத் தட்டினார், டவுன்காரர் ஒருவர் நாற்காலியைத் தட்டினார். நான் எழுந்தேன். "ஏரியில பன்னெண்டு எடத்துக்கு நாங்க அடிச்சிக்கிறோமா? பாடு வையுங்க. குலுக்கிப் போட்டு எடுங்க. விழுந்தது விழுந்ததுதான்" என்றேன். அப்புறம் கைதட்டல். மச்சான், பொய் சொல்லவில்லை, நாற்பத்தேழு வயசில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல். "லீவு வந்துட்டா?" என்று யாரோ கேட்டார். அங்கே உட்கார்ந்திருக்கலாம். உட்காரவில்லை. "காத்துல போன நாளு போனதுதான். மாத்திக்கவும் கூடாது. ஏரியில அதான் சட்டம்" என்றேன். இரண்டாவது கைதட்டல். ஃபர்ஹத் அம்மா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பிஸ்கட் டப்பாவில் துண்டுக் காகிதங்களைப் போட்டுக் குலுக்கி, யோசனை சொன்னவர் முதலில் எடுக்கட்டும் என்று என்னிடமே நீட்டினார்.

எடுத்தேன். பதினாறாவது. ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டரை மணி.

ஜும்மா முடிந்து, சாப்பாடு முடிந்து, பழவேற்காடே கண் சொக்குகிற நேரம். வேணு சாருக்கு மூன்று பத்து பஸ்ஸின்மேல் ஒரு கண். அந்த அரை மணியாவது ஒழுங்காகக் கிடைத்ததா? முதல் பாடு கிடைத்தது. இரண்டாவது பாடு அன்றைக்கு நம்ம ஊரில் ஆடிக் கூழ், பிள்ளைகள் யாரும் போகவில்லை, மைக் செட்டுக்குப் பொறுப்பு நான்தான். மூன்றாவது பாடு அன்றைக்கு வேணு சாருக்குக் காய்ச்சல். இரண்டு மாசத்தில் என் மகளுக்குக் கணக்கில் கிடைத்த தனி நேரம் அரை மணி. சட்டம் போட்டது நான். ரிஃபாவுக்குத் திங்கட்கிழமை நல்ல நேரம், ஒரு தடவை மாற்றிக்கொள்ளலாமா என்று நுஃமான் பாயிடம் நைசாகக் கேட்டுப் பார்த்தேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, "மாத்தக் கூடாதுன்னு நீதானேப்பா சொன்ன? நான் கூடக் கை தட்டினேனே" என்றார். நந்தினியிடம் கேட்டால், "புரியுது நைனா, நீ சும்மா இரு" என்கிறாள். இரண்டு மாசத்துக்கு அரை மணியில் எப்படிப் புரியும்? நான் வருத்தப்படக் கூடாது என்று மறைக்கிறாள்.

கோபமாகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன் மச்சான். இத்தனை பக்கம் எழுதிய பிறகு பார்த்தால் கோபம் இல்லை, பயம். நான் பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தேன், ஒரு நாள் கூட ஒரு கேள்வி கேட்டதில்லை. பத்தாவதில் கணக்கு வாத்தியார், "யாருக்குப் புரியல?" என்று கேட்பார். எனக்குப் புரியாது, கை தூக்க மாட்டேன். வருஷம் முடிந்தது, பள்ளிக்கூடமும் முடிந்தது. இவள் புள்ளியியல் படிக்கப் போகிறேன் என்கிறாள், அது என்ன படிப்பு என்று கேட்கக் கூட எனக்கு வெட்கம். நம்ம இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போகப் போகிற முதல் பெண் அவள். அவளுக்குக் கடைசி இடத்தை என் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டேன். பெரிய பள்ளிக்கூடத்தில் குலுக்கல் இருக்காது, என் கை படாத இடம் அது. அதனால் அங்கேயே போகட்டும். அவள் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்பதை நான் இன்னும் யோசிக்கவில்லை. யோசித்தால் கடிதம் நின்றுவிடும்.

உன் மனைவி கஸ்தூரியைக் கேட்டதாகச் சொல். அவளுக்குக் காய்ந்த இறால் ஒரு பை மாரி கொண்டுவருவான், கல் பொறுக்கித்தான் வைத்திருக்கிறோம், ஆனாலும் ஒரு தடவை அலசச் சொல். உங்கள் வீட்டில் அடுப்பும் விளக்கும் குறையாமல் இருக்கட்டும், பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் கிடைக்கட்டும். திங்கட்கிழமையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
கை ராசி இல்லாத
கங்காதரன்

பின்குறிப்பு (சனிக்கிழமை காலை): திங்கட்கிழமையை மறந்துவிடு. அந்த இடத்தைச் சொல்லி வைக்காதே. டி.சி. நான் கேட்கவில்லை.

நேற்று சட்டைப் பையில் இந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு பழவேற்காட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது மணி இரண்டரை, நந்தினியின் பாடு. மாடியில் வேணு சார் மேசையைச் சுற்றி எட்டுப் பிள்ளைகள். எனக்கு வந்ததே கோபம். "இது எம் பொண்ணு பாடு. இவங்கெல்லாம் இங்க இன்னா பண்றாங்க?" என்று படியில் நின்றபடியே சத்தம் போட்டுவிட்டேன். நந்தினி திரும்பிப் பார்த்தாள். பயப்படவில்லை.

"நைனா, உன் பாடுன்னா நீ ஒண்டியாவா ஏரிக்குப் போற? கூட மூணு பேர் வரல? அவங்களுக்குப் பங்கு இல்ல?"

மச்சான், நான் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். பத்தொன்பது வருஷமாக மூன்று பேர் இல்லாமல் நான் ஒரு நாள் கூட வலை கட்டியதில்லை. கூட்டத்தில் எழுந்து பாட்டைப் பற்றி அவ்வளவு பேசினேனே, குலுக்கலைச் சொன்னேன், சட்டத்தைச் சொன்னேன், பங்காளிகளை மட்டும் சொல்லவில்லை. பிள்ளைகள் முதல் வாரத்திலேயே அதைச் சேர்த்துக்கொண்டுவிட்டார்கள். பாடு யாருடையதோ மேசையில் அவர் சொன்னதுதான் நடக்கும், கூட வருகிறவர்களுக்கு ஆளுக்கு ஒரு கேள்வி பங்கு. படகுக்கு நேரமாகிற நாள் தவிர, ஜூலையிலிருந்து வாரத்துக்கு மூன்று, நாலு தடவை என் மகள் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். புரியுது நைனா என்று அவள் சொன்னது உண்மையாகவே புரிந்துதான். நான்தான் நம்பவில்லை.

நான் எழுந்து போகப் பார்த்தேன். ரிஃபா, "அங்கிள், வந்துட்டீங்க, உங்க பங்குக்கு ஒன்னு கேட்டுட்டுப் போங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், வேணு சார் நாற்காலியைத் தள்ளிப் போட்டார். உட்கார்ந்தேன். கேட்டேன். "சார், குலுக்கிப் போட்டா எல்லாருக்கும் சமமா விழும்னு சொல்றாங்க. எனுக்கு மட்டும் ஏன் சார் எப்பவும் கடைசி எடம் விழுது?"

வேணு சார் நந்தினியைப் பார்த்தார். அவள் பையிலிருந்து தன் நோட்டை எடுத்தாள். எந்த நோட்டுக்காக வேதாசலம் பத்து நாள் சிரிக்காமல் இருந்தாரோ, அதைப் பார்த்து எழுதிக்கொண்ட கணக்கு. பன்னிரண்டில் மூன்று நல்ல இடம், பத்தொன்பது வருஷம், ஒரு வலைக்குச் சராசரியாக நாலே முக்கால் தபா நல்ல இடம் விழ வேண்டும் என்று போர்டில் எழுதிக் காட்டினாள். "உனுக்கு அஞ்சு தபா விழுந்துகிது நைனா. கடைசி எடம் ரெண்டே தபாதான், போன வருஷமும் இந்த வருஷமும்."

எந்த ஐந்து வருஷம் என்று கேட்டேன். படித்தாள். அதில் ஒன்று அவள் பிறந்த வருஷம். அந்த வருஷம் எனக்கு நல்ல இடம் விழுந்ததே ஞாபகம் இல்லை மச்சான், குழந்தை பிறந்ததுதான் ஞாபகம். கண் கலங்கிவிட்டது. ஜும்மா முடிந்து ஊர் தூங்குகிற நேரம், யாரும் பார்க்கவில்லை என்றுதான் நினைக்கிறேன். வேணு சார் மூன்று பத்து பஸ்ஸை விட்டுவிட்டார்.

கீழே இறங்கி வரும்போது ஃபர்ஹத் அம்மா, "என்ன விஷயமா வந்தீங்க?" என்றார். "சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். கடிதத்தைக் கிழித்துப் போட்டிருக்கலாம். கையால் எழுதிய இத்தனை பக்கம், மனசு வரவில்லை. படித்துவிட்டு நீ வைத்துக்கொள், உன் அக்காவிடம் மட்டும் காட்டாதே. அந்த இடம் வேறு யாருடைய பிள்ளைக்காவது விழட்டும். எனக்கு விழ வேண்டியது விழுந்துவிட்டது, அதுவும் கால் தபா கூடுதலாகவே.